அதிகாரம் பிரிந்த இடம்: நல்லாட்சி அரசாங்கமும் கொழும்புத் தமிழரும்

நல்லாட்சி அரசாங்கத்தின் முறிவை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான மனக்கசப்பாக விளக்குவது வழக்கமாகிவிட்டது. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் அக்கசப்பை முற்றச் செய்தது உண்மையே. ஆயினும் பிளவு அக்கசப்பு முற்றுவதற்கு முன்பே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்பது என் வாதம்.

2015 ஏப்ரல் 28இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. ஆனால் அதன் 51ஆம் பிரிவு, அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி பாதுகாப்பு, மகாவலி அபிவிருத்தி, சுற்றாடல் ஆகிய அமைச்சுகளைத் தம்மிடமே வைத்திருக்க இடமளித்தது. பொலிஸ் துறை ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி அமைச்சரிடம் இருந்தது. இதனால் முப்படைகள் சுதந்திரக் கட்சித் தலைவரான சிறிசேனவின் பொறுப்பிலும், படையினரை விசாரிக்கும் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பங்காளிக் கட்சியின் பொறுப்பிலும் அமைந்தன. அமைச்சரவையை 48 ஆகப் பெருக்கிய அவ்வாண்டு செப்டெம்பர் தீர்மானம் இந்த முரணைத் தீர்க்கவில்லை.

இதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரியும். முந்தைய மகிந்த ராஜபக்ச ஆட்சியில், 2007 ஜூன் 7 அதிகாலை இப்பகுதிகளின் லொட்ஜ்களுக்குள் புகுந்த பொலிஸார், 376 தமிழரை பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டு அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இது தொடர்பான வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் கடற்படையினர். 2015 ஜனவரி 8இல் சிறிசேனவுக்கு வாக்களித்த இப்பகுதித் தமிழருக்கு, அந்த வழக்கே புதிய ஆட்சியின் உரைகல்லாக இருந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? 2016 ஒக்டோபர் 12இல் ஜனாதிபதி, குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் இலஞ்ச ஆணைக்குழுவும் அரசியல் நோக்கில் இயங்குவதாகப் பகிரங்கமாகச் சாடினார். வேறொரு வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 2017 ஜூலையில் கடற்படையின் முன்னாள் பேச்சாளர் டி.கே.பி. தசநாயக்க 11 பேர் வழக்கில் கைதானார். 2018 ஒக்டோபர் 26இல் ரணிலுக்குப் பதிலாக மகிந்த ராஜபக்ச பிரதமராக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே வழக்கின் விசாரணை அதிகாரி நிஷாந்த சில்வா நீர்கொழும்புக்கு மாற்றப்பட்டார். எதிர்ப்பு வலுத்ததால்தான் அந்த இடமாற்றம் இரத்தானது.

டிசெம்பர் 16இல் ரணில் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றபோது பொலிஸையும் ஜனாதிபதியே வைத்துக்கொண்டார். முரண் தீர்ந்த விதம் இன்னும் ஆபத்தானது. தேசிய பாதுகாப்புச் சபைக்குப் பிரதமரும் பொலிஸ் மாஅதிபரும் அழைக்கப்படவில்லை என்பது பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் விசாரணையில் வெளியாயிற்று. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. முன்னெச்சரிக்கைகள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அத்தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காகச் சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் தமிழ் முற்போக்குக் கூட்டணியும் அரசியலமைப்புப் பேச்சில் காட்டிய அக்கறையை, விசாரணைப் பிரிவுகள் எவருக்குக் கட்டுப்பட்டவை என்ற கேள்வியில் காட்டவில்லை. நல்லாட்சி அரசாங்கத்துக்கு ஆதரவு தருமுன் எழுத்தில் கேட்டிருக்க வேண்டிய முதல் உத்தரவாதம் அதுவே. 2021 ஒக்டோபரில், அதே 11 பேர் வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்வதில்லை எனச் சட்டமா அதிபர் தெரிவித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார்.