கடலில் பிறந்த ஆளுநர்: வான் டெர் ஸ்டெல் குடும்பத்தின் கதை

சைமன் வான் டெர் ஸ்டெல் 1639 அக்டோபர் 14 அன்று கப்பலில் பிறந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான அவருடைய தந்தை அட்ரியான், மொரீஷியஸ் தீவின் தளபதியாகப் பொறுப்பேற்க மனைவியுடன் போய்க்கொண்டிருந்தபோது வழியிலேயே பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இருபது ஆண்டுகள் ஆட்சி செய்தது. கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் துறையாக இருந்த நன்னம்பிக்கை முனை, குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் வேளாண் குடியேற்றமாக மாறியது பெரும்பாலும் சைமன் காலத்தில்தான்.

அட்ரியான் ஹாலந்து நாட்டின் டோர்ட்ரெக்ட் நகரத்துக்காரர். மனைவி மரியா லீவன்ஸ் ஐரோப்பாவைச் சேர்ந்தவர் அல்லர். கம்பெனியின் ஆசியத் தலைநகரான பட்டாவியாவிலிருந்து வந்தவர். மரியாவின் தந்தை ஹென்ட்ரிக் லீவன்ஸ் டச்சுக்காரர். தாயைப் பற்றி எஞ்சியிருப்பது கோவாக் கடற்கரையைச் சேர்ந்த மோனிகா என்ற குறிப்பு மட்டுமே. மோனிகா அடிமையாக இருந்து விடுதலை பெற்ற இந்தியப் பெண். ஆக, தென்னாப்பிரிக்க வரலாற்று நூல்கள் நெடுங்காலம் டச்சுப் பெருமகனாகவே வரைந்துகாட்டிய சைமனின் தாய்வழிப் பாட்டி ஓர் இந்திய அடிமைப் பெண். 17ஆம் நூற்றாண்டின் பட்டாவியாவில் இதில் வியப்பில்லை. கம்பெனி ஐரோப்பியப் பெண்களை அதிகம் அழைத்துவரவில்லை. அதன் சிப்பாய்களும் எழுத்தர்களும் வணிகர்களும் ஆசியப் பெண்களையோ, அவர்கள் வயிற்றில் பிறந்த கலப்பினப் பெண்களையோ மணந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கம்பெனியின் உயர்பதவிகளுக்கும் போனார்கள்.

மொரீஷியஸில் அட்ரியான் சும்மா இருக்கவில்லை. ஜாவாவிலிருந்து மான்களையும் கரும்பையும் கொண்டுவந்தார். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தார். அந்த வேலைக்கு மடகாஸ்கரின் அன்டோங்கில் விரிகுடாவிலிருந்து அடிமைகளைப் பிடித்துவந்தார். அவர் கொண்டுவந்த கரும்பு பின்னாளில் அந்தத் தீவின் வாழ்வாதாரமே ஆனது; இன்றைக்கும் அங்கே காடுகளில் திரிவது அந்த ஜாவா மான்களின் வழித்தோன்றல்கள்தாம். 1645இல் அவர் மொரீஷியஸை விட்டுப் புறப்பட்டார். அடுத்த பணியிடம் இலங்கை.

இலங்கையில் அப்போது போர்த்துக்கீசியருக்கு எதிராகக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் டச்சுக்காரரும் கைகோத்திருந்தார்கள். பிடித்த கோட்டைகளையும் நாடுகளையும் யார் வைத்துக்கொள்வது என்பதில் அந்தக் கூட்டணி விரைவிலேயே கசந்தது. 1646இல் நீர்கொழும்பை ஒட்டிய பகுதியில் இரு தரப்பும் மோதிக்கொண்டன. கண்டிப் படையினரின் கையில் அட்ரியான் கொல்லப்பட்டார். அவருடைய தலை டச்சு முகாமுக்கு அனுப்பி வைக்கப்பட்டதாகக் கம்பெனிக் குறிப்புகள் சொல்கின்றன. சைமனுக்கு அப்போது ஆறு வயது.

தந்தையை இழந்த சிறுவன் பட்டாவியாவில் வளர்ந்தான். இருபது வயதில், 1659இல், முதன்முறையாக ஹாலந்துக்குப் போனார். தாய்நாடு என்று பெயரளவில் சொல்லப்பட்ட அந்த நாட்டை அதுவரை அவர் பார்த்ததேயில்லை. அங்கே 1663இல் யோஹன்னா யாகோபா சிக்ஸ் என்ற பெண்ணை மணந்தார். ஆம்ஸ்டர்டாமின் செல்வாக்கு மிக்க வணிகக் குடும்பங்களில் சிக்ஸ் குடும்பமும் ஒன்று. அவருக்குப் பதவி கிடைத்ததில் இந்தச் சம்பந்தத்துக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். மூய்டர்பெர்க் என்ற ஊரில் திராட்சை வளர்த்து, பிராந்தி வடித்துப் பழகியதும் இந்தக் காலத்தில்தான். அந்தப் பழக்கம் பின்னாளில் ஆப்பிரிக்க மண்ணில் பெரும்பயன் தந்தது.

1679 அக்டோபரில் முனையின் தளபதியாகச் சைமன் வந்து இறங்கினார். பிள்ளைகளில் சிலரும் மனைவியின் தங்கை கொர்னேலியாவும் உடன் வந்தார்கள். மனைவி வரவில்லை. அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. யோஹன்னா 1700இல் ஹாலந்திலேயே இறந்தார்.

வந்த ஒரு மாதத்துக்குள் சைமன் குதிரையேறி உள்நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். எர்ஸ்டெ ஆற்றின் கரையில் ஒரு செழிப்பான பள்ளத்தாக்கு கண்ணில் பட்டது. அதற்குத் தன் பெயரையே வைத்தார்: ஸ்டெல்லன்போஸ். மறு ஆண்டே குடியேறிகள் வரத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுக்குள் எவ்வளவு நிலத்தைப் பண்படுத்த முடியுமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த சலுகை. கருவாலி மரங்களை நட வேண்டும் என்று சைமன் விடாமல் வற்புறுத்தினார். இன்றைக்கும் ஸ்டெல்லன்போஸின் தெருக்களில் கருவாலி நிழல்தான். பழுக்காத திராட்சையைப் பிழிந்து மது எடுப்பவருக்கு 60 ரிக்ஸ்டாலர் அபராதம் என்றும் ஆணையிட்டார். அந்த நகரம் ஆண்டுதோறும் அவருடைய பிறந்தநாளில் விழா எடுத்தது. மரத்தால் செய்த கிளியைக் குறிவைத்துச் சுடும் போட்டி அதன் சிறப்பு. போட்டி நடந்த குன்றுக்குக் கிளிமலை என்று பொருள்படும் பாபகாய்பெர்க் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

இந்த நிலங்கள் வெற்று நிலங்கள் அல்ல. கொய்கொய் மக்கள் பன்னெடுங்காலமாக ஆடுமாடுகளை ஓட்டிவந்து மேய்த்த புல்வெளிகள் அவை. உழவு விரிய விரிய அவர்களுடைய மேய்ச்சலும் நீர்நிலைகளும் சுருங்கின. கம்பெனியோடு நட்புப் பாராட்டி, கால்நடை வணிகத்தில் இடைத்தரகராக இருந்த டோர்ஹா என்ற தலைவர் கிளாஸ் என்ற டச்சுப் பெயராலும் அறியப்பட்டவர். 1693இல் சைமன் அவருடைய குடியிருப்பின்மீது படை அனுப்பி, அவரைப் பிடித்து ராபன் தீவில் அடைத்தார். ஸ்டெல்லன்போஸின் கருவாலி மரங்களைப் பாராட்டும் எழுத்துகள் டோர்ஹாவின் கதையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

1685ஆம் ஆண்டு சைமனின் வாழ்க்கையில் திருப்பமானது. கம்பெனியின் முழு அதிகாரம் பெற்ற ஆய்வாளராக ஹென்ட்ரிக் அட்ரியான் வான் ரீடு முனைக்கு வந்தார். கொச்சியில் தளபதியாக இருந்தவர் அவர். மலபார் மூலிகைகளையும் மரங்களையும் உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிவுசெய்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலின் மூலவர். முனையிலிருந்து அவர் இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கடற்கரை என்று ஆய்வைத் தொடர்ந்தார். கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியதும் அதே காலத்தில்தான். முனையில் இருந்தபோது அவர் எடுத்த இரண்டு முடிவுகள் சைமனின் குடும்பக் கதையோடு பின்னிக்கொண்டவை.

முதலாவது, சைமனுக்கு 891 மோர்கன், அதாவது சுமார் 760 ஹெக்டேர் நிலத்தை வழங்கியது. டேபிள் மலையின் பின்புறத்துச் சரிவில் இருந்த அந்த நிலத்துக்குச் சைமன் கான்ஸ்டன்ஷியா என்று பெயரிட்டார். மண்ணைச் சோதித்து இடத்தைத் தேர்ந்தெடுத்து, திராட்சையும் பழமரங்களும் நட்டு, பெரிய வீடு கட்டினார். அங்கே விளைந்த இனிப்பு மது அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளின் மேசைக்குப் போனது. செயின்ட் ஹெலினாவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனும் அதை வரவழைத்துக் குடித்தார்.

இரண்டாவது முடிவு ஓர் ஆணை. ஐரோப்பிய ஆண்கள் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களை மணக்கக் கூடாது என்று வான் ரீடு விதித்தார். ஐரோப்பியத் தந்தைக்குப் பிறந்த கலப்பினப் பெண்களுக்கு மட்டும் விலக்கு. இதே ஆணை இரண்டு தலைமுறைக்கு முன் பட்டாவியாவில் இருந்திருந்தால் ஹென்ட்ரிக் லீவன்ஸ் மோனிகாவை மணந்திருக்க முடியாது. அந்த ஆணையை முனையில் செயல்படுத்தும் பொறுப்பு மோனிகாவின் பேரனுக்கு வாய்த்தது. பின்னாளில் இனப்பிரிவினையாக இறுகிய சட்டங்களின் வேர்களைத் தேடுவோர் இந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது.

அதே 1685இன் ஆகஸ்டில் சைமன் வடக்கே நமக்குவா நாட்டுக்குப் பெரும் பயணக்குழுவோடு கிளம்பினார். செம்புமலையைத் தேடிய பயணம் அது. தாதுவைக் கண்டுபிடித்து 1686 ஜனவரியில் திரும்பினார்கள். கொண்டுபோய்ச் சேர்க்கத் துறைமுகம் பக்கத்தில் இல்லாததால் அந்தச் செம்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மண்ணிலேயே கிடந்தது.

1688இல் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பிய ஹியூகெனோ புராட்டஸ்டண்ட் அகதிகள் வந்தார்கள். இருநூறு பேருக்குள் இருந்த அவர்களைச் சைமன் டிராக்கன்ஸ்டைன், ஃபிரான்ஷூக் பள்ளத்தாக்குகளில் டச்சுக் குடும்பங்களுக்கு இடையே கலந்து குடியமர்த்தினார். தனித் திருச்சபை வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது கடிந்துகொண்டார். பிரெஞ்சு மொழி இரண்டு தலைமுறைக்குள் அங்கே மறைந்ததற்கு இந்தக் கொள்கை முக்கியக் காரணம். 1691இல் கம்பெனி அவரை ஆளுநராக உயர்த்தியது. 

பண்ணைகள் பெருகியதும் உழைப்புக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவையை அடிமைகளைக் கொண்டு நிறைவேற்றினார்கள். கம்பெனி ஆட்சியிலும் அதை அடுத்தும் முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் பழவேற்காடும் நாகப்பட்டினமும் ஆள் ஏற்றும் துறைகளாயின. முனையின் பத்திரங்களில் அவர்கள் பெயருக்குப் பின்னால் வங்காளம், மலபார், சோழமண்டலம், இலங்கை என்று ஊர் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடும்பப் பெயர் எழுதப்படவில்லை. ஒரு டச்சு ஆளுநரின் வம்சத்தை ஐந்து தலைமுறைக்குத் தேடிப் போக முடிகிறது. அவருடைய தோட்டத்தில் வேலைசெய்தவரின் தாய் யார் என்று தேட வழியில்லை. மோனிகாவின் கதை ஒரு வரியில் முடிந்துபோனதும் இதே காரணத்தால்தான்.

கட்டாயமாக அங்கே வந்தவர்களில் அரசியல் கைதிகளும் உண்டு. டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்ட மக்காசர் ஷேக் யூசுஃப், பத்தாண்டுக் காலம் இலங்கையில் நாடுகடத்தப்பட்டிருந்து, 1694இல் தம் கூட்டத்தாருடன் முனைக்கு அனுப்பப்பட்டார். சைமன் அவரை மரியாதையோடு வரவேற்று, நகரத்திலிருந்து தள்ளி ஸான்ட்ஃபிளீட் பண்ணையில் தங்கவைத்தார். தென்னாப்பிரிக்க முஸ்லிம்கள் தங்கள் சமயத்தின் தொடக்கத்தை அந்தக் குடியிருப்போடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்.

1699இல் சைமன் ஓய்வு பெற்றுக் கான்ஸ்டன்ஷியாவுக்குப் போனார். பதவி மூத்த மகன் வில்லெம் அட்ரியானுக்கு வந்தது. மறு ஆண்டே வில்லெமுக்கு 400 மோர்கன் நிலம் வழங்கப்பட்டது. ஃபெர்கெலேகன் என்ற அந்தப் பண்ணையை அவர் பெருக்கிய வேகம் அசாதாரணமானது. சுமார் ஐந்து லட்சம் திராட்சைக் கொடிகள், கருவாலி மரங்கள், பழத்தோட்டங்கள், உள்நாட்டில் பல மேய்ச்சல் நிலையங்கள், ஏறத்தாழ இருநூறு அடிமைகள். வீட்டின் முன் அவர் நட்ட கற்பூர மரங்களில் ஐந்து இன்னும் நிற்கின்றன. தம்பி ஃபிரான்ஸும் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்தார்.

முனையில் விளையும் தானியமும் இறைச்சியும் மதுவும் வாங்குவோர் இருவர்தான்: கம்பெனியும் வந்துபோகும் கப்பல்களும். ஆளுநரும் அவரைச் சார்ந்த அதிகாரிகளும் அந்தச் சந்தையைக் கைக்குள் வைத்துக்கொண்டு, தங்கள் விளைச்சலையே முதலில் விற்றார்கள். சுதந்திரக் குடியேறிகளின் சரக்கு தேங்கியது. இறைச்சிக் குத்தகையைத் தன் கையில் வைத்திருந்த பெருஞ்செல்வர் ஹென்னிங் ஹைசிங் 1705இல் அதை இழந்தார். அவருடைய மருமகன் முறையான ஆடம் தாஸ் குற்றச்சாட்டு மனுவை எழுதினார். 63 பேர் கையெழுத்திட்டார்கள். ஆளுநர் பதிலுக்குத் தன்னைப் புகழும் சான்றிதழ் ஒன்றைத் தயாரித்து 240 பேரிடம் கையெழுத்து வாங்கினார். 1706 பிப்ரவரியில் தாஸைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் தள்ளினார்.

இந்தப் போராட்டத்தை ஏழை உழவர்களின் எழுச்சியாக மட்டும் பார்ப்பது சரியாகாது. முன்னால் நின்றவர்கள் பெரும்பண்ணைக்காரர்கள். ஒரு குத்தகைக்காரரின் இடத்தை இன்னொருவர் பிடித்ததால் எழுந்த பகையும் அதில் இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் கலப்பினத்தவரையும் இழிவாகப் பேசிய வரிகளும் அவர்களுடைய எழுத்துகளில் உண்டு. ஆனாலும் குற்றச்சாட்டின் அடிப்படை உண்மையானது. ஆம்ஸ்டர்டாமில் கம்பெனியின் பதினேழு இயக்குநர்கள் அதை ஏற்றார்கள். 1706 இறுதியில் வில்லெம் பதவி நீக்கப்பட்டார். ஆணை மறு ஆண்டு ஏப்ரலில் முனைக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி ஊழியர்கள் இனி நிலம் வைத்துக்கொள்ளவோ வணிகம் செய்யவோ கூடாது என்றும் விதி பிறந்தது. அந்தக் கொந்தளிப்பான மாதங்களில்தான் ஸ்டெல்லன்போஸ் தெருவில் ஹென்ட்ரிக் பிபோ என்ற இளைஞன், தன்னை அடக்கவந்த அதிகாரியிடம், நான் ஆப்பிரிக்கன் என்று கத்தினான். ஐரோப்பிய வம்சத்தில் வந்த ஒருவன் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது.

வில்லெம் 1708இல் கப்பலேறினார். ஹாலந்தில் தன் செயலை நியாயப்படுத்தி நூல் வெளியிட்டும் பதவி திரும்பவில்லை. 1733இல் அங்கேயே இறந்தார். ஃபெர்கெலேகன் நான்காகப் பிரித்து விற்கப்பட்டது. ஃபிரான்ஸும் வெளியேற்றப்பட்டார். சைமனின் இன்னொரு மகன் அட்ரியான், பாட்டனின் பெயரோடு, கிழக்கே அம்போனில் கம்பெனியின் ஆளுநராக இருந்தார். முனையில் எஞ்சியவர் முதியவர் சைமன் மட்டுமே. 1712 ஜூன் 24 அன்று கான்ஸ்டன்ஷியாவில் இறந்தார். அவர் கட்டியெழுப்பிய குடியேற்றத்தில் அவருடைய சந்ததியின் ஆட்சியும் நிலமும் அதோடு முடிந்தன. ஸ்டெல்லன்போஸ், சைமன்ஸ் டவுன் துறைமுகம், சைமன்ஸ்பெர்க் மலை ஆகியவற்றில் பெயர் மட்டும் நிலைத்தது.

கான்ஸ்டன்ஷியா மூன்று துண்டானது. பெரிய வீடு இருந்த பகுதியை 1716இல் ஸ்வீடன் நாட்டவரான கம்பெனிப் படைத்தலைவர் ஓலோஃப் பெர்க் வாங்கினார். 1724இல் அவர் இறந்ததும் அது அவருடைய மனைவி அன்னா டெ கோனிங்கின் கைக்கு வந்தது. அன்னாவின் தாய் வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு 1666இல் விடுதலை பெற்ற ஏஞ்சலா. அன்னாவின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1778இல் தோட்டம் ஹென்ட்ரிக் குளூட்டேவிடம் போனது; உலகப் புகழ் பெற்ற மது அவர் குடும்பத்தார் காலத்தில் விளைந்தது. 1885இல் கேப் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. 1925இல் தீப்பிடித்து, மீண்டும் எழுப்பப்பட்ட அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.