ஊனமுற்ற படைவீரரும் உரிமையின் அளவுகோலும்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்தது. அக்காலத்தின் எச்சமாகக் கண்டியில் போர்க் கல்லறைத் தோட்டமொன்று உண்டு. பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனப் பலரும் ஆங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். இனமும் பதவியும் பாராது கல் நாட்டுவதே அதன் நெறி. ஆயின் உயிர்தப்பியோர்க்கு இச்சமத்துவம் கிட்டவில்லை. போர் முடிந்து விலகிய ஆபிரிக்க வீரர் பெற்ற பணிக்கொடை, ஒத்த தரத்து வெள்ளையர் பெற்றதினும் மிகக் குறைவு. நிறமே அளவுகோலாயிற்று.

சுதந்திர இலங்கையில் அளவுகோல் மாறியது. சேவைக்காலம் அவ்விடத்தைப் பெற்றது. உள்நாட்டுப் போரில் கண்டிப் பிரதேசத்து வறிய கிராமங்களின் இளைஞரும் படையிற் சேர்ந்தனர். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவியது. எனினும் போர் ஓய்ந்து ஏழாண்டுகளின் பின்னர், 2016இல், 12 ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் ஊனமுற்று விலகியோர் ஓய்வூதியங் கோரிக் கொழும்பு வீதியில் இறங்க நேர்ந்தது.

இரண்டாம் ஆண்டில் இழந்த காலும் பதின்மூன்றாம் ஆண்டில் இழந்த காலும் வேறல்ல. செயற்கைக்கால் தேயுந்தோறும் மாற்றப்படல் வேண்டும். மருத்துவத் தேவை ஆயுள்வரை நீள்வது. அதே போரில் ஊனமுற்ற குடிமக்களும் மறுதரப்புப் போராளிகளுமோ அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாலே நிற்கின்றனர். காயத்தை அளவாகக் கொள்ளும்வரை, சமத்துவம் கல்லறைக்கு மட்டுமே உரியதாயிருக்கும்.