சாலஞ்சர் ஏவலும் வானிலைத் தாமதங்களும்

1986 சனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் தனது பத்தாவது பயணத்திற்காகப் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் ஆயத்தமாக நின்றது. ஏழு பேர் கொண்ட குழுவில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் இருந்ததால், உறவினர்களும் மாணவர்களும் ஏவலைக் காண வந்திருந்தனர்.

சனவரி 22இல் நடக்கவிருந்த ஏவல் பலமுறை தள்ளிப்போனது. முந்தைய விண்ணோடப் பயணத்தின் தாமதம் முதற் காரணம். பின்னர், அவசரத் தரையிறக்கத்திற்குக் குறிக்கப்பட்டிருந்த செனகலின் டக்கார் நகரில் வானிலை மோசமானது. மோசமான வானிலை முன்கணிப்பால் 26ஆம் நாளும் கைவிடப்பட்டது. 27ஆம் நாள் கதவின் கைப்பிடியைக் கழற்றுவதற்குள், ஓடுதளத்தில் குறுக்குக் காற்று வரம்பை மீறியது. கூடியிருந்தவர்கள் மீண்டும் திரும்பிச் சென்றனர்.

அன்றிரவு கடுங்குளிர். 12 பாகை செல்சியசுக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்று உந்துகலப் பொறியாளர்கள் எச்சரித்தனர், மேலாளர்கள் ஏற்கவில்லை. 28ஆம் நாள் காலை 11.38 மணிக்கு, ஏறத்தாழ 2 பாகைக் குளிரில் விண்ணோடம் புறப்பட்டது. குளிரில் இறுகிய ரப்பர் வளையம் வலப்புற உந்துகலத்தின் இணைப்பை அடைக்கத் தவறியது. 73 நொடிகளில் விண்ணோடம் சிதறி எழுவரும் மாண்டனர்.

காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் குளிர் தணியும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த விண்ணோடம் 1988 செப்டம்பர் 29இல்தான் ஏவப்பட்டது.