கொடுமணலில் மணியான சிவப்புக் கல் - கார்னெட்டின் கதை

ரத்தினம் என்றதும் வைரம், மாணிக்கம், மரகதம் என்றுதான் சொல்லத் தோன்றும். கார்னெட் என்ற பெயர் பலருக்குப் புதிது. ஆனால் கோமேதகம் தெரியாதவர் உண்டா? ராகுவுக்கு உரிய கல் என்று ஜோதிடர்கள் மோதிரத்தில் பதிக்கச் சொல்வார்களே, அந்தக் கோமேதகம் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்துக் கருஞ்சிவப்புக் கல், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டின் ஒரு தொழில் ஊரில் மணியாக மாறிக்கொண்டிருந்தது. அந்த ஊர் கொடுமணல்.

கல் பிறந்த விதம்

கார்னெட் என்பது ஒரே கனிமம் அல்ல. ஒரே அமைப்பும் வெவ்வேறு கலவையும் கொண்ட கனிமங்களின் கூட்டம். இரும்பும் அலுமினியமும் சிலிகாவும் சேர்ந்தால் கருஞ்சிவப்பு அல்மண்டைன். மெக்னீசியம் மிகுந்தால் பைரோப். கால்சியம் மிகுந்தால் கிராசுலர். இதில் தேன் நிறத்தில் இருப்பதுதான் கோமேதகம்.

நம் ஊர்ப் பாறைகளில் அதிகம் தென்படுவது அல்மண்டைன் வகை. களிமண் படிவுகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறும்போது இது வளர்கிறது. பாறை முழுவதும் உருகத் தேவையில்லை. திடமாக இருக்கும்போதே அதன் தனிமங்கள் இடம் மாறி, புதிய படிகமாகச் சேர்கின்றன. மரத்தின் வளையங்களைப் போல, படிகத்தின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் கலவை மாறும். அதை வைத்து, கல் வளர்ந்தபோது இருந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் புவியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

கோவை, கரூர், நாமக்கல் வட்டாரங்கள் பாலக்காடு - காவிரி பிளவு மண்டலத்தை ஒட்டியவை. தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்த காலத்தில், அதாவது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாறைகள் கடும் வெப்பத்துக்கு உள்ளாயின. இன்று இந்த மூன்று இடங்களிலும் ரத்தினங்கள் கிடைப்பதற்கு அந்தப் பழைய உறவு ஒரு முக்கியக் காரணம்.

குணங்கள்

கார்னெட் பெரும்பாலும் 12 அல்லது 24 முகங்கள் கொண்ட உருண்டைப் படிகமாகவே விளைகிறது. மாதுளை முத்து போல இருப்பதால்தான், மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. மோஸ் அளவில் இதன் கடினம் 6.5 முதல் 7.5 வரை. குறிப்பிட்ட தளத்தில் பிளந்துவிடும் குணம் இதற்கு இல்லை. அதனால் உளி பட்டதும் இரண்டாகப் போய்விடும் என்ற பயம் குறைவு.

மாணிக்கத்துக்கும் இதற்கும் நிறம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வலுவான நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டு போனால், இரும்புச் சத்துள்ள கார்னெட் ஈர்க்கப்படும், மாணிக்கம் அசையாது.

அல்மண்டைனுக்கு ஒரு குறை உண்டு. கல் தடித்தால் நிறம் கறுத்துவிடும். பட்டை தீட்டும்போது ஆழத்தைக் குறைத்து, உள்ளே போன ஒளி முகங்களில் பட்டுத் திரும்பும்படி கோணம் அமைத்தால்தான் சிவப்பு தெரியும். கல்லுக்குள் இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவருவது தொழிலாளியின் கை.

நொய்யல் கரையில் ஒரு தொழில் ஊர்

கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குச் சென்ற பெருவழியில் இருந்த ஊர் இது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே அகழாய்வு நடத்தியது. எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோரின் பெயர்கள் இதில் முக்கியமானவை. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கூடவே கல்மணிகள் செய்த தடயங்கள் கிடைத்தன. பச்சைக்கல் (பெரில்), நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், அகேட் ஆகியவற்றோடு கார்னெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

பெரில் காங்கயம் அருகிலுள்ள படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும் கிடைத்தன. ஆனால் சூதுபவளத்தின் முக்கிய விளைநிலம் குஜராத் பக்கம். தொலைவிலிருந்து கல் வாங்கி வந்து இங்கே மணியாக்கினார்கள் என்றால், அந்த ஊரின் முதல் வெறும் கல் மட்டுமல்ல, வேலை தெரிந்த கைகளும்தான்.

கார்னெட்டைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். குருந்தக்கல்லின் கடினம் 9. அதுவும் சிவன்மலைப் பகுதியிலேயே உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே தமிழின் குருந்தத்திலிருந்து போனதுதான்!

விலை எங்கே ஏறியது?

ஒவ்வோர் ஆண்டும் இந்தியா ரோமின் பணத்தில் ஐந்து கோடி செஸ்டர்ஸைக் கொண்டு போகிறது என்று கி.பி. 77 வாக்கில் பிளினி அலுத்துக்கொண்டார். கோவையை ஒட்டிய வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்த வணிகத்தின் சாட்சி. பூமிக்குள் கல் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலக்கணக்குக்காக யாரும் காசு தருவதில்லை. தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றிய பிறகுதான் அது சரக்கு.

இதற்கு இன்றும் உதாரணம் உண்டு. தென்மாவட்டக் கடற்கரைகளில் கிடைக்கும் கார்னெட் மணல் டன் கணக்கில் விற்ற பொருள். தமிழக அரசு 2013ல் தனியார் தாதுமணல் எடுப்பதைத் தடை செய்தது. அந்த மணலை உயர் அழுத்த நீரோடு பாய்ச்சி இரும்பையும் கிரானைட்டையும் அறுக்கிறார்கள். குடும்பம் ஒன்றுதான். ஆனால் பட்டை தீட்டிய கல் காரட் கணக்கில் எடை போடப்படுகிறது. ஒரு காரட் என்பது 0.2 கிராம் மட்டுமே.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் கொடுமணலின் தொழில் ஓய்ந்தது. கற்கள் தீர்ந்துவிடவில்லை. 1819ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் சுரங்கம் வெட்டியபோதும் பெரில் கிடைத்தது. ஓய்ந்தது கல் வேலையும் அதை வாங்கிய சந்தையும்தான்.

நல்ல மணிகளை வணிகர்கள் கொண்டு போய்விட்டார்கள். துளையிடும்போது உடைந்தவை, பாதியில் விட்டவை, செதுக்கி எறிந்த சில்லுகள் எல்லாம் அந்த மண்ணிலேயே கிடந்தன. அன்றைக்கு நட்டக் கணக்கில் போன அந்தக் கழிவுதான், இங்கே இப்படியொரு தொழில் நடந்தது என்று இன்றைக்குச் சொல்கிறது.