காந்தம் இல்லாத ஸ்பீக்கர்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் தாத்தா வாங்கிய வால்வு ரேடியோவை ஆட்டோவில் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய செட். "ஸ்பீக்கர்ல காந்தமே இல்ல சார், ஸ்க்ரூ டிரைவர்கூட ஒட்டலை. யாரோ கழட்டிட்டாங்க. புது ஸ்பீக்கர் போட்டுடலாமா?" என்றார்.

யாரும் கழற்றவில்லை. அந்தக் கால ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் இன்று நாம் பார்க்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்தபோது, பலமான காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. அதனால் இரும்பின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று கம்பி சுற்றி, ரேடியோவிலிருந்தே டி.சி. கரண்ட் கொடுத்தார்கள். இதுதான் ஃபீல்டு காயில். பின்னால் வந்த செட்களில் அதே காயிலை, 'ஹம்' இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் பயன்படுத்தினார்கள். ஒரு செலவில் இரண்டு வேலை, நம்மூர் சிக்கனம்தான்!

ஆகவே, நண்பர் சொன்னபடி புது ஸ்பீக்கரை மட்டும் மாட்டியிருந்தால் செட்டுக்கு ஹை வோல்டேஜே போயிருக்காது.

இந்தக் காயிலுக்கு எமன், பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்துவிடும். அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்ஸைடு படலமும் நெடுநாள் கரண்ட் காணாவிட்டால் பலவீனமாகும். அப்போது கரண்ட் கசியும். சோக்கைத் தாண்டியுள்ள கண்டென்சர் கசிந்தால் அவ்வளவும் காயில் வழியாகத்தான் ஓடும். காயில் கொதித்துக் கருகும்.

எனவே பிளக்கைத் தொடுமுன் மல்டிமீட்டர். வாய்ஸ் காயில் 3 ஓம், ஃபீல்டு காயில் 1,800 ஓம். இரண்டுமே அறுபடவில்லை. கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்தினேன், உரசல் இல்லை. ஓரத்துக் கிழிசலுக்கு டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் போதுமானதாக இருந்தது. 8 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்கள் இரண்டையும் மாற்றி, சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தேன். காயில் வெதுவெதுத்தது. ஸ்க்ரூ டிரைவர் 'டக்'கென்று ஒட்டியது.

1931இல் ஜப்பானியர் மிஷிமா கண்டுபிடித்த அலுமினியம், நிக்கல் கலந்த காந்த எஃகிலிருந்து அல்னிகோ காந்தங்கள் வளர்ந்தன. யுத்தத்துக்குப் பிறகு ஃபீல்டு காயில் மெல்ல மறைந்தது.

வீட்டில் இப்படி ஒரு செட் இருந்தால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் போடாதீர்கள். காயில் இல்லாமல் லோடு போய்விடும். முதல் கண்டென்சரில் வோல்டேஜ் ஏறி வெடிக்கலாம். அணைத்த பிறகும் சிறிது நேரம் உள்ளே கை வைக்க வேண்டாம். கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.