வசந்தகாலப் பறவையுலாவின் தோற்றம்

வைகறையில் ஒருவர் வழிகாட்ட, ஒரு குழுவினர் தூரக்கண்ணாடி ஏந்திச் சோலைகளிற் புகுந்து, தென்றிசையிலிருந்து மீளும் பறவைகளை இனங்கண்டு குறித்துக்கொள்ளும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் மே மாதந்தோறும் நிகழ்வது. நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவிலும் அக்காலத்து இக்காட்சியைக் காணலாம். ஓய்வுடையோரின் பொழுதுபோக்கென்று எண்ணத்தக்க இவ்வழக்கத்தின் வேர்களைத் தேடிச் செல்வோமாயின், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஒரு பெண்கள் கல்லூரியையும், அங்குக் கல்வி பயின்ற மாணவியர் இருவரையும் சென்றடைவோம். அவர்கள் பொழுதுபோக்கை நாடினார்களல்லர். ஒரு கொலைத்தொழிலை நிறுத்த வழி தேடினார்கள்.

அத்தொழில் தொப்பிக்கு இறகு வழங்கும் வாணிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மேலைநாட்டு மகளிர் தொப்பிகளை இறகுகள் மட்டுமன்றிச் சிறகுகளும், சிலபோது பாடம் செய்த முழுப் பறவைகளும் அணிசெய்தன. பிற்காலத்திற் பறவையியலறிஞராய்ப் புகழ்பெற்ற பிராங் சப்மன் 1886ஆம் ஆண்டில் நியூயோர்க் வீதிகளில் உலாவியவாறே 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 பறவைகளின் உறுப்புக்களைத் தாங்கியிருந்தன. வெண்கொக்கின் மெல்லிய தூவிகளுக்கே மதிப்பு மிகுதி. அவை இனப்பெருக்க காலத்தில் முளைப்பவை. ஆதலின், தாய்ப்பறவை கொல்லப்படக் கூட்டிலுள்ள குஞ்சுகளும் இரையின்றி மடிந்தன.

பறவையியல் வல்லாரிடத்தும் பறவைக்குப் பாதுகாப்பிருந்ததெனக் கூறுவதற்கில்லை. எலியற் கூஸ் என்னும் பேரறிஞர் 1874இல் வெளியிட்ட வெளிக்கள நூல், பறவை பயில்வோனுக்கு முதற்கருவி இரட்டைக்குழற் றுப்பாக்கியே என்று கற்பித்தது. சுட்டு வீழ்த்திக் கையிலெடுத்து அளந்தாலன்றி ஓரினத்தைத் துணிந்து கூறவியலாது என்பதே அக்காலக் கொள்கை. அவர்கள் கையில் நல்ல தூரக்கண்ணாடி இருந்ததில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இந்நிலையில், 1886ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜோர்ஜ் பேர்ட் கிறினல் என்னும் பத்திராசிரியர், ஓவியர் ஒடுபன் பெயரால் ஒரு பறவைக்காப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நோதாம்ரன் நகரின் ஸ்மித் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த புளோரன்ஸ் மெரியம் (பிறப்பு 1863) அதனை உடனே பற்றிக்கொண்டார். அவருடைய தமையனார் ஹாற் மெரியம் அமெரிக்கப் பறவையியலாளர் ஒன்றியத்தை 1883இல் நிறுவியோருள் ஒருவர். தங்கையாரும் 1885இலேயே அவ்வொன்றியத்தின் முதற் பெண் இணையுறுப்பினராயிருந்தார். அவரோடு சேர்ந்தவர் பன்னி ஹாடி. மெயின் மாநிலத்து உரோமத்தோல் வணிகரும் இயற்கை நூல் வல்லாருமான ஒருவரின் மகள். இருவரும் மார்ச் மாதத்திற் கல்லூரியிற் கிளைச்சங்கம் அமைத்தனர். ஏறத்தாழ 300 மாணவியருள் 100 பேர் அதிற் சேர்ந்தனர்.

இவ்விடத்து மெரியம் அம்மையாரின் நுண்ணறிவு போற்றற்குரியது. கேட்போர் தலையிலேயே இறகுத் தொப்பி இருக்கிறது; அவர்களை நோக்கி அறங்கூறின் நாணமோ சினமோ விளையும். ஆகவே தொப்பியைப் பற்றி மிகுதியாகப் பேசாது, தோழியரை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று பறவைகளோடு பழகவிடுவதென்று அவர் துணிந்தார். பழகியபின் அவற்றின் இறகை அணிய அவர்தம் உள்ளமே இசையாது என்பது அவர் கணிப்பு. வழிகாட்டியுடன் கூடிய உலா இங்ஙனம் ஒரு போர்முறையாகவே உருவாயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் அவர்கள் அழைப்பை ஏற்று வந்தவர் ஜோன் பரோஸ் (1837–1921), இயற்கைக் கட்டுரைகளால் நாடெங்கும் அறியப்பட்டவர். இளமையில் அவரும் இனங்காண்பதற்காகப் பறவைகளைச் சுட்டவரே! அவர் முன்செல்ல, மாணவியர் காலைப்பொழுதிற் காடும் வயலும் சுற்றிப் பறவைகளைக் கண்டனர், குரல்களைக் கேட்டனர்.

மே மாதம் அதற்கு மிகவும் பொருத்தமானது. நம் நாட்டிற்குக் குளிர்கால விருந்தினராய் வரும் பறவைகள் சித்திரையளவிற் பெரும்பாலும் புறப்பட்டுவிடும். அங்கோ வசந்தம் வருகைக் காலம். மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள், தென்னமெரிக்கா ஆகியவிடங்களிற் குளிர்காலத்தைக் கழித்த வோப்ளர் என்னும் சிறு குருவிகள், 10 கிராம் அளவே எடையுடையனவாயினும், இரவோடிரவாகப் பறந்து வடக்கே மீளுகின்றன. தென்காற்று வீசும் இரவுக்குப் பின்வரும் விடியலில், முதல்நாள் வெறுமையாயிருந்த மரம் குருவிகளால் நிறைந்திருத்தலுமுண்டு. இலை முற்றத் தழைக்காமையால் அவை கண்ணுக்கு எளிதிற் புலப்படும். ஆண்பறவைகள் முழுநிறத்தோடு பாடும். சில நாட்களிற் பல இனங்கள் கடந்துபோய்விடும். ஆதலால் வழியறிந்த ஒருவர் உடனிருத்தல் புதியவர்க்குப் பெரும்பேறு.

கல்லூரி அனுபவத்தின் கனியாக 1889இல் மெரியம் வெளியிட்ட நூல், நாடகசாலைக் கண்ணாடி வழியே பறவைகளைக் காண்பதைத் தலைப்பாகவே கொண்டது. அந்நூலில் 70 பறவைகளை அவர் விவரித்தார். மங்கிய நிற ஆடை அணிக, ஓசையின்றி மெல்ல நடக்க, ஞாயிற்றை முதுகுப்புறம் கொள்க என்னும் அறிவுரைகள் இன்றும் வழிகாட்டிகள் வாயிற் கேட்பவை. துப்பாக்கி கொண்டு கற்ற கல்வியைக் கண்ணாடி கொண்டு கற்கலாம் என்பதைப் பொதுமக்களுக்கு எளிய நடையில் உணர்த்திய முன்னோடி நூல் இதுவே எனலாம்.

எனினும் உலாவே வாணிகத்தை ஒழித்தது என்பது மிகையாகும். கிறினலின் சங்கம் சில ஆண்டுகளிற் கலைந்தது. 1903இல் வெண்கொக்கின் தூவி ஓர் அவுன்ஸ் 32 டொலர். அக்காலப் பொன்விலையிலும் மிகுதி. 1896இல் பொஸ்ரன் நகரில் ஹரியற் ஹெமன்வே, மின்னா ஹோல் என்னும் பெண்மணிகள் மாநில ஒடுபன் சங்கத்தை அமைத்ததும், 1900இல் லேசி சட்டமும், 1916இற் கனடாவின் பொருட்டுப் பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கையும், அதனை நிறைவேற்றிய 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டமும் வேண்டியிருந்தன. ஆயினும் சட்டத்தை வேண்டிக் குரலெழுப்பப் பறவையைப் பெயர் சொல்லி அறிந்த மக்கள் வேண்டுமன்றோ? அத்தகையோரை உருவாக்கிய பணி உலாவினுடையது.

மெரியம் 1899இல் வேணன் பெய்லி என்னும் இயற்கை நூலறிஞரை மணந்து வாஷிங்டனில் வாழ்ந்தார். அந்நகர ஒடுபன் சங்கத்தின் வாயிலாக ஆசிரியர்க்குப் பறவையியல் வகுப்புக்கள் பல்லாண்டு நடத்தினார். சிறப்பு மாணவியாய்ப் பயின்று பட்டம் பெறாது 1886இல் தம்மைவிட்டு நீங்கிய அவருக்கு, ஸ்மித் கல்லூரி 1921இற் பட்டம் வழங்கியது.