நூல் வழங்கும் பதிவேடும் அரசின் கண்காணிப்பும்: சேலம், நாமக்கல் வட்டார வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

ஒருவர் எந்தெந்த நூல்களைப் படித்தார் என்பதை அறிய அரசு அவரது வீட்டைச் சோதனையிட வேண்டியதில்லை. அவர் உறுப்பினராக உள்ள நூலகத்தின் வழங்கல் பதிவேட்டைப் புரட்டினாலே போதும். தமிழகத்தில் நூல் தடை, இதழ்த் தணிக்கை, அச்சகப் பிணைத்தொகை ஆகியவை குறித்து விரிவான ஆய்வுகள் வந்துள்ளன. நூலை எடுத்துச் சென்ற வாசகரின் பெயர் எங்கே எழுதப்பட்டது, எவ்வளவு காலம் அழியாமல் இருந்தது, அதை யார் கேட்டுப் பெறலாம் என்னும் வினாக்களோ அவ்வாய்வுகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து இவ்வினாக்களை இக்கட்டுரை அணுகுகிறது. இங்கு வாசகரின் அந்தரங்கத்தைச் சட்டம் காக்கவில்லை. நூல் வழங்கும் முறையின் இயல்பே, ஏறத்தாழத் தற்செயலாக, அதைக் காத்து வந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அச்சைப் பார்த்த கண்

காலனிய அரசின் கண்காணிப்பு அச்சுக்கூடத்தின் வாசலில் தொடங்கியது. 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டத்தின்படி அச்சான நூல்களின் படிகள் அரசுக்கு அளிக்கப்பட வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர், விலை, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை ஆகியவை காலாண்டுப் பட்டியல்களில் ஏறின. இன்று நாம் பதிப்பு வரலாறு எழுத அப்பட்டியல்களையே நாடுகிறோம். கண்காணிக்க உருவான ஆவணம் ஆய்வாளருக்குக் கருவூலமான விந்தை இது. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் பிணைத்தொகையைக் கொண்டுவந்தது. 1922இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 99ஏ பிரிவு நூல்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுக்கு வழங்கியது. 1928இல் பாரதியின் பாடல் தொகுதிகள் பறிமுதல் ஆணைக்கு உள்ளானபோது அது சென்னைச் சட்டமன்றத்தில் கடுமையான விவாதமாயிற்று. இந்நடவடிக்கைகள் நூலையும் அதை உண்டாக்கியவரையும் தொட்டன. படித்தவரைத் தேடிச் செல்லவில்லை.

இதற்குக் காரணம் அரசின் பெருந்தன்மை அன்று. வாசிப்பு நடந்த விதமே. இதழின் ஒரே படியைத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அவ்வியக்கம் ஊர்தோறும் வளர்த்த படிப்பகங்களின் இயல்பும் இத்தகையதே. மேசைமீது நாளிதழும் வார இதழும் கிடக்கும். எவரும் வந்து அமர்ந்து படித்துவிட்டுப் போகலாம். எடுத்துச் செல்வது இல்லாத இடத்தில் எடுத்துச் சென்றவர் பெயரும் இல்லை. உளவுத்துறைக்குக் கூட்டமும் பேச்சாளரும் தென்பட்டனர். தனி வாசகர் தென்படவில்லை.

1950

சேலத்தின் வரலாற்றில் 1950ஆம் ஆண்டின் முதற்பாதி தனித்து நோக்கத்தக்கது. பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமை இயக்கக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். அடுத்த மூன்று வாரங்களுக்குள், மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்தில் நுழைவதையும் பரவுவதையும் அரசு தடுத்தது. மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடைக்கு அடிப்படையான சட்டப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. வெளியிடும் உரிமையோடு பரவும் உரிமையும் சேர்ந்ததே பேச்சுரிமை என்பது தீர்ப்பின் சாரம். வாசகர் அங்கு வழக்காளியாக இல்லை. ஆயினும் இதழ் அவர் கைக்குச் சென்று சேர்வது உரிமையின் பகுதியென ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்னும் காரணத்தைச் சேர்த்து அந்த வாயிலைக் குறுக்கியது.

இவ்விரு நாள்களுக்கும் இடையில், ஏப்ரல் 1 அன்று, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியும் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும் இச்சட்டத்தின் பின்னே இருந்தன. நூலக வரி வந்தது, ஆணைக்குழுக்கள் வந்தன, கிளை நூலகங்கள் பெருகின. காப்புத்தொகை செலுத்தி உறுப்பினரான நெசவாளரும் ஆசிரியரும் நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். யார் எதைப் படிக்கிறார் என்னும் செய்தி அரசு சார்ந்த ஓர் அலுவலகத்தில் பெயரோடும் முகவரியோடும் பரவலாகப் பதிவாகத் தொடங்கியது இவ்வாறுதான். அப்பதிவின் மந்தணம் குறித்து இச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

அட்டை மறந்தது

சட்டம் பேசாது விட்டதை நூலக நடைமுறை ஒருவாறு ஈடுசெய்தது. நூல் வழங்குவதில் மூன்று முறைகள் வழங்கின. முதலாவது பேரேடு: உறுப்பினருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அவர் எடுத்த நூல்களை வரிசையாக எழுதுவது. ஆண்டுக்கணக்கில் ஒருவரது வாசிப்பு முழுவதும் அப்பக்கத்தில் கிடக்கும். இரண்டாவது 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூவார்க்கில் உருவானது. இதில் நூலுக்குரிய அட்டையில் எடுத்தவரின் எண்ணும் நாளும் எழுதப்படும். அட்டை நிறையும்வரை அந்நூலை எடுத்தோர் அனைவரையும் அதிலிருந்து அறியலாம்.

மூன்றாவது, 1895இல் நைனா பிரவுன் வகுத்த முறை. இந்திய நூலகவியல் வகுப்புகளில் நீண்டகாலம் பயிற்றுவிக்கப்பட்டதும், பை வடிவச் சீட்டு வைத்திருந்த வாசகர் அனைவரும் அறிந்ததும் இதுவே. நூலின் உட்புறத்திலிருந்து நூல் அட்டையை எடுத்து வாசகரின் சீட்டுப் பைக்குள் செருகித் தட்டில் அடுக்குவர். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்குள் போகும். சீட்டு வாசகர் கைக்கு வரும். இரண்டும் பிரிந்த கணத்தில் அவற்றின் உறவு மறைந்துவிடும். நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் நாள் முத்திரை மட்டுமே இருக்கும். நாளேட்டில் அன்று வழங்கிய நூல்களின் எண்ணிக்கை ஏறும். நேற்று நூலைத் திருப்பியவர் யார் என்று கேட்டால் நூலகரின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. வாசகரைக் காக்கும் நோக்கில் எவரும் இதை வகுக்கவில்லை. வரிசையை விரைவாக நகர்த்துவதே நோக்கம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நூலக வாசலில் பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பமிடும் வருகைப் பதிவேடு மறப்பதில்லை. கல்லூரி நூலகங்களில் இது இன்று வேறொரு வடிவம் எடுத்துள்ளது. நாக் தரமதிப்பீட்டின்போது நூலகப் பயன்பாட்டுக்குச் சான்றாக அப்பக்கங்களின் ஒளிப்பிரதிகள் பதிவேற்றப்படுவதைப் பேராசிரியர்கள் அறிவர். காவலர் கேளாத ஏட்டை நாமே மதிப்பெண்ணுக்காக வெளியிடுகிறோம்.

கேட்டால் கொடுக்க வேண்டுமா?

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 91ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தை எழுத்து ஆணையால் கேட்கும் அதிகாரத்தைக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு வழங்கியது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 94ஆம் பிரிவு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எண் அதுவே. அஞ்சல் துறையின் பொறுப்பில் உள்ள கடிதங்களுக்கும், வங்கிப் பேரேடுகளுக்கான தனிச்சட்டத்திற்கும் இப்பிரிவில் விலக்கு உண்டு. நூலகப் பதிவேட்டுக்கு இல்லை. அஞ்சலட்டைக்கு உள்ள காப்பு வாசகர் பக்கத்துக்கு இல்லாமை சட்டமியற்றியோர் நூலகத்தை நினைக்கவே இல்லை என்பதைக் காட்டுகிறது.

அமெரிக்காவில் இவ்வினா வெளிப்படையாகவே எழுந்தது. 1970இல் வெடிபொருள் பற்றிய நூல்களை எடுத்தோர் பெயர்களைக் கருவூலத் துறை அலுவலர்கள் நூலகங்களில் கேட்டனர். 1971இல் அமெரிக்க நூலகச் சங்கம் பதிவேடுகளின் மந்தணம் குறித்த கொள்கையை ஏற்றது. பின்னர்ப் பெரும்பாலான மாநிலங்கள் அதற்கெனச் சட்டம் இயற்றின. 2001ஆம் ஆண்டின் பேட்ரியாட் சட்டம் அதை மீண்டும் சிக்கலாக்கியது வேறு கதை.

இந்திய நீதிமன்றங்களில் வாசகருக்குச் சார்பான இழைகள் பிரிந்து கிடக்கின்றன. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற கனரா வங்கி வழக்கில், ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்ததால் ஒருவரது அந்தரங்க உரிமை அற்றுப்போவதில்லை என்றது உச்ச நீதிமன்றம். நூலகத்திடம் விட்டுச்சென்ற வாசிப்புச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை என்பது என் எண்ணம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு இடம் தருகிறது.

நாமக்கல் மாவட்டத்திலேயே 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எழுந்த ‘மாதொருபாகன்’ விவகாரம், 1928ஐப் போலவே, நூலையும் ஆசிரியரையும் சுற்றியே நடந்தது. சமாதானக் கூட்டத்தில் பெற்ற உடன்பாடு பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது. அப்புதினத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களின் பட்டியலை ஒருவர் கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது வெறும் கற்பனை வினா அன்று. அத்தகைய பட்டியல் இருந்ததா என்பதைப் பொறுத்தே விடை அமைந்திருக்கும்.

கணினி நினைவு

நூல் வழங்கல் கணினிக்கு மாறியபின் இப்பட்டியல் தானாகவே உருவாகிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் பயன்படும் கோஹா மென்பொருளில், நூல் திரும்பியதும் வழங்கல் பதிவு அழிவதில்லை. பழைய வழங்கல்களின் அட்டவணைக்கு நகர்கிறது. பிரவுன் முறையில் அட்டையும் சீட்டும் பிரிந்த இடத்தில் இங்கு வாசகர் எண்ணும் நூல் எண்ணும் சேர்ந்தே நிற்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வசதியும் அம்மென்பொருளிலேயே உள்ளது. வாசிப்பு வரலாறு நிலைக்க வேண்டுமா, குறித்த காலத்துக்குப் பின் பெயர் நீக்கப்பட வேண்டுமா, திருப்பியவுடன் நீக்கப்பட வேண்டுமா என்று உறுப்பினர்வாரியாக அமைக்கலாம். நூலகர் ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பதிவு அப்படியே தங்கும். ஆய்வாளர் பத்தாண்டுகளில் எடுத்த ஒவ்வொரு நூலும் நாள், மணியோடு அதில் இருக்கும்.